வந்தவில்லை என்று யாராவது சொல்வோமா?

2006ல் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கணக்கர் வேலை கேட்டுப் போயிருந்தேன். எதிரே இருந்தவர் என் பயோடேட்டாவை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "யூ டோன்ட் ஹாவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?" என்றார்.

"யெஸ் சார்."

"ஓ! வேர்?"

"நோ சார்."

"நோ?"

"யெஸ் சார். நோ எக்ஸ்பீரியன்ஸ்."

அவர் பயோடேட்டாவை மூடிவைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேலை கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் பெரிதாக இல்லை. ஆனால் நான் சொன்னதில் என்ன தப்பு என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை, அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. 'உனக்கு அனுபவம் இல்லையா?' என்று கேட்டால் 'ஆமாம், இல்லை' என்பதுதானே பதில்? தமிழில் 'ஆமாம்' என்றால் நீங்கள் சொன்னது சரி என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர்களின் 'யெஸ்' கேட்டவர் சொன்னதைக் கண்டுகொள்வதில்லை. விஷயம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும். உண்டு என்றால் யெஸ், இல்லை என்றால் நோ, கேள்வி எப்படி வந்தாலும் சரி. இந்த ஒரு வரியைப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதற்குப் பதிலாக 'நவுன் இஸ் எ நேமிங் வேர்ட்' என்று 100 முறை எழுதவைத்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று பேர் இங்கிலீஷ் படிக்க வருகிறார்கள். வயரிங் வேலை பார்க்கும் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், வளைகுடாவுக்குப் போக நினைக்கிறான். மருந்துக்கடையில் நிற்கும் ஒரு பெண். மூன்றாவது என் சித்தி. வயது 58, பேரனோடு போனில் பேச வேண்டுமாம், அவன் தமிழுக்கு வர மாட்டேன் என்கிறானாம். நான் வாத்தியார் இல்லை. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

எங்கள் தெரு முனை மின்கம்பத்தில் 45 நாளில் ஆங்கிலம் பேசலாம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு வரி: 'தமிழில் யோசிக்காதீர்கள்'. எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். 58 வயதுச் சித்தி வேறு எதில் யோசிப்பாள்? பிறந்ததிலிருந்து யோசித்த மொழியைச் செருப்புபோல வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால் எப்படி? என் அனுபவம் இதற்கு நேர்மாறு. இலக்கணம் நமக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில் தெரியும். அதைத் தொட்டுக் காட்டினால் பாதி இங்கிலீஷ் இலக்கணம் தானாக விளங்கிவிடுகிறது. மீதிப் பாதிக்கு மனப்பாடம்தான் வழி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நான் போர்டில் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். போர்டு என்றால் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம். 'மாமியார் மருமகளைத் திட்டினாள்.' மூன்று சொல். இதை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடுங்கள் என்றேன். மருமகளை மாமியார் திட்டினாள். திட்டினாள் மாமியார் மருமகளை. திட்டினாள் மருமகளை மாமியார். அழுத்தம் மாறுகிறது, திட்டு வாங்கியவள் மாறவில்லை. காரணம், மருமகளின் வாலில் ஒட்டியிருக்கும் அந்த 'ஐ'. அவள் வரிசையில் எங்கே போய் நின்றாலும் அந்த வால் கூடவே போகிறது.

இங்கிலீஷில் வால் கிடையாது. 'மதர் இன் லா ஸ்கோல்டட் டாட்டர் இன் லா.' இதில் இரண்டு பேரையும் இடம் மாற்றிப் பாருங்கள் என்றேன். சித்தி மாற்றிப் பார்த்தாள். "அடியாத்தி, இவ அவளத் திட்டிப்புட்டாளே!" என்றாள். அவ்வளவுதான், முதல் பாடம் முடிந்தது. தமிழில் சொல்லின் வால் வேலை செய்கிறது, இங்கிலீஷில் சொல் நிற்கும் இடம் வேலை செய்கிறது. ரேஷன் கடை வரிசை மாதிரி, இடம் மாறினால் ஆளே மாறிப்போகும்.

ஒரு காலத்தில் இங்கிலீஷுக்கும் வால் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் உண்டு. வைக்கிங்குகள் வந்து குடியேறினார்கள், 1066ல் நார்மன்காரர்கள் வந்து நாட்டைப் பிடித்தார்கள், ஜனங்கள் கடைசி அசையை விழுங்கிப் பேசினார்கள், இப்படிச் சில நூற்றாண்டுகளில் அந்த விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. உதிராமல் ஒட்டிக்கொண்டவை 'ஹி, ஹிம்', 'ஷி, ஹெர்' மாதிரி சில. 'ஹிம்' என்றால் 'அவனை'. வால் உதிர்ந்த பிறகு யார் யாரைத் திட்டினார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் வரிசை இறுகியது.

சரி, அந்த வரிசைதான் என்ன? இதற்கு ஒரு வித்தை இருக்கிறது. 'நான் நேற்று மதுரைக்கு பஸ்ஸில் போனேன்.' இதில் 'நான்' இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மீதியைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசியுங்கள்: போனேன், பஸ்ஸில், மதுரைக்கு, நேற்று. 'ஐ வென்ட் பை பஸ் டு மதுரை யெஸ்டர்டே.' கண்ணாடியில் பார்த்த மாதிரி. உள்ளேயும் அதே கண்ணாடிதான். 'மதுரைக்கு' என்பதில் ஊர் முன்னால், 'கு' பின்னால். 'டு மதுரை'யில் 'டு' முன்னால், ஊர் பின்னால். எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்குகிறவர்களுக்குப் பத்தில் ஏழெட்டு வாக்கியத்துக்குப் போதும். வயரிங் தம்பி இதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் எதைப் பார்த்தாலும் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது 'ஏ, ஆன், தி'. தமிழர்களுக்கு ஆர்ட்டிகிள் வராது, ஏனென்றால் தமிழில் அது இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மருந்துக்கடைப் பெண் ஏதோ பேச்சுவாக்கில், "புக் வாங்கினேன்" என்று ஆரம்பித்து, கொஞ்சம் கழித்து, "அப்புறம் அந்த புக்க வாங்கிட்டேன்" என்றாள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டும் ஒன்றா? முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நீங்களும் நானும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். 'ஐ பாட் ஏ புக்.' 'ஐ பாட் தி புக்.' அதேதான்! அஃறிணைப் பொருளுக்கு 'ஐ' போடுவதா விடுவதா என்று நாம் தினமும் நூறு தடவை முடிவு எடுக்கிறோம், ஒரு தடவைகூடத் தப்புவதில்லை. டீக்கடையில் 'டீ குடித்தேன்' என்பவர், ஆறிப்போன டம்ளரைக் காட்டி 'டீயைக் குடி' என்பார். அந்த 'ஐ' விழுகிற இடத்தில் பெரும்பாலும் 'தி' போட்டுவிடலாம். எழுவாயாக வரும் பெயருக்கு இந்தச் சோதனை செல்லாது, அங்கே 'அந்த' என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தாலும் 'தமிழில் இல்லை' என்ற பயம் போய்விடுகிறது.

'ஏ', 'ஆன்' இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மரம், ஓர் ஊர். முடிந்தது. உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், மற்றதற்கு ஒரு. பேச்சில் நாம் எல்லாவற்றுக்கும் 'ஒரு' போட்டுவிடுகிறோம் என்பது வேறு விஷயம். இதைவிட ஒரு வேடிக்கை உண்டு. யூனிவர்சிட்டிக்கு ஏன் 'ஆன்' வராது, அவருக்கு, அதாவது மணி நேரத்துக்கு, ஏன் 'ஆன்' வருகிறது என்று இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் குழம்புவார்கள். ஏனென்றால் அவர்கள் ஸ்பெல்லிங்கைப் பார்க்கிறார்கள். யூனிவர்சிட்டியைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: முதலெழுத்து 'யூ', யகர உயிர்மெய். ஒரு யானை என்கிறோமே, அதேபோல 'ஏ யூனிவர்சிட்டி'. அவர் என்று எழுதினால் 'அ', உயிர். 'ஆன் அவர்.' எம்பிஏ, 'எ', ஆகவே 'ஆன் எம்பிஏ'. தமிழ் எழுத்தில் எழுதினாலே விடை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளக் கிடைத்த இடம் இது.

இடையில் ஒரு கதை. ஏப்ரன் என்கிறார்களே, சமையல்காரர் கட்டும் முன்துணி, அது முதலில் நேப்ரன். 'ஏ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, 'ஆன் ஏப்ரன்' என்று காதில் விழுந்து, 'ந' பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. சொந்தக்காரர்களுக்கே எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை, நாம் தடுமாறினால் என்ன?

'இஸ்' விஷயத்துக்கு வருவோம். 'அவர் டாக்டர்' என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முழுமை. வினைச்சொல்லே இல்லை, பெயர்ப் பயனிலை என்று நம் இலக்கணத்தில் அதற்குப் பெயரும் உண்டு. இங்கிலீஷில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, 'ஹி டாக்டர்' நொண்டும். 'ஹி இஸ் ஏ டாக்டர்.' இதைச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு விபரீதம் நடக்கும். 'ஆம்', 'இஸ்', 'ஆர்' இருந்தால்தான் இங்கிலீஷ் என்று மனதில் பதிந்து, அதை எல்லா இடத்திலும் உப்பு மாதிரி தூவ ஆரம்பிப்பார்கள். 'ஐ ஆம் கோ.' 'ஐ ஆம் கேம்.' தம்பி இரண்டு வாரம் இப்படித்தான் பேசினான்.

அவனிடம் 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதை மூன்றாக உடைக்கச் சொன்னேன். போய், கொண்டு, இருக்கிறேன். 'ஆம்' என்றால் 'இருக்கிறேன்', 'கோயிங்' என்றால் 'போய்க்கொண்டு'. 'ஐ ஆம் கோ' என்றால் 'நான் போ இருக்கிறேன்'. அவனே சிரித்துவிட்டான். இதே கத்தியால் இன்னொரு பெரிய தப்பையும் வெட்டலாம். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்' என்று நம்மவர்கள் பேசுவதைத் தமிழின் குற்றம் என்பார்கள். தமிழில் யாராவது 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்கிறோமா? 'எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்றால் பைத்தியமா என்று பார்ப்பார்கள். தமிழில் யோசித்திருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது. அரைகுறையாகக் கற்ற 'இங்' செய்யும் வேலை இது. ஆனால் 'டுடே இட்செல்ஃப்', 'ஹி ஒன்லி டோல்ட்' இரண்டும் நம் சரக்கு, மறுக்க மாட்டேன். 'இன்றைக்கே' என்பதில் உள்ள ஏகாரமும் 'அவர்தான்' என்பதில் உள்ள 'தான்'னும் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன. நான் அவற்றைத் திருத்துவதில்லை. புரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 'ஐ டிட் நாட் கேம்.' இதைத் திருத்தித் திருத்தி என் வாய் வலித்தது. டிட் வந்துவிட்டால் வினை மூல வடிவத்தில் வர வேண்டும் என்பது விதி. விதியை ஒப்பித்துவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே 'ஐ டிட் நாட் வென்ட்' என்பார்கள். அவர்கள் நினைப்பில் தப்பும் இல்லை. நேற்று நடந்த விஷயம், கேம் என்பதுதானே இறந்தகாலம்? ஒருநாள் மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன்: 'நேற்று அவன் வந்தான்' என்பதற்கு எதிர்ப்பதம் என்ன? 'நேற்று அவன் வரவில்லை.' சரி, ஏன் 'வந்தவில்லை' என்று சொல்லவில்லை? நேற்று நடந்ததுதானே?

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "இல்லை வந்துட்டா அந்த வந்த போயிருது..." என்றாள். அதேதான். 'வந்த' என்பதில் இருந்த காலம் கழன்று, 'வர' என்று வெறும் வினை மட்டும் நிற்கிறது. 'கேம்' கழன்று 'கம்' ஆவதும் அப்படியே. ஒரு வித்தியாசம் மட்டும்: இங்கிலீஷில் கழன்ற காலத்தை டிட் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறது, தமிழில் அது காற்றோடு போய்விடும். அன்றிலிருந்து அவர்கள் யாராவது 'டிட் நாட் கேம்' என்றால் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து "வந்தவில்லை!" என்று கத்துவார்கள். நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

கேள்விக்கு இந்த உதவி கிடைக்காது. தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் தீர்ந்தது: வந்தானா? இன்னும் அழகு, அந்த 'ஆ'வை எங்கே சந்தேகமோ அங்கே ஒட்டலாம். அவனா நேற்று வந்தான்? அவன் நேற்றா வந்தான்? இங்கிலீஷ்காரன் இதற்குப் பெரும்பாலும் குரலை அழுத்தித்தான் சமாளிக்க வேண்டும். அவர்களுக்கு 'டூ', 'டஸ்', 'டிட்' வாக்கியத்தின் தலையில் வந்து நிற்க வேண்டும். இந்த 'டூ'வும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட 1600 வாக்கில் 'உனக்குத் தெரியுமா' என்பதை 'நோ யூ' என்றும் கேட்டார்கள், 'டூ யூ நோ' என்றும் கேட்டார்கள். பிறகு 'டூ' ஜெயித்துவிட்டது. அர்த்தம் எதுவும் இல்லாத எடுபிடி. கேள்விக்கும் மறுப்புக்கும் மட்டும் கூப்பிடுவார்கள், சாதாரண வாக்கியத்தில் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

எடுபிடி என்றதும் 'இட்' ஞாபகம் வருகிறது. தம்பியின் கேள்வி: "அண்ணே, இட் இஸ் ரெய்னிங்னா, அந்த இட்டு யாருண்ணே?" நான் படித்த காலத்தில் இப்படிக் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். தமிழில் மழை பெய்கிறது, மழையேதான் எழுவாய். இங்கிலீஷில் மழை வினைக்குள் போய்விட்டது, எழுவாய் சீட் காலி. நமக்குக் காலியாக இருந்தால் கவலை இல்லை. 'வந்தேன்' என்றாலே நான்தான், 'வந்தாள்' என்றாலே அவள்தான், விகுதி சொல்லிவிடும். அவர்களுக்கு அந்த விகுதிகளும் உதிர்ந்துபோய் 'ஹி கம்ஸ்' என்பதில் ஒரு 'ஸ்' மட்டும் மிச்சம். ஆகவே சீட்டைக் காலியாக விட முடியாது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, இட் அந்தத் துண்டு. துண்டுக்குப் பெயர், ஊர் எல்லாம் கேட்கக் கூடாது.

"அப்ப அது ஆளே இல்ல, துண்டு" என்றான். துண்டுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'எனக்கு'. எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தோன்றுகிறது, எனக்கு ஒரு தம்பி உண்டு. நாம் எதையும் செய்வதில்லை, எல்லாம் நமக்கு நேர்கின்றன. இங்கிலீஷில் இவை எல்லாமே 'ஐ' ஆகிவிடும்: ஐ நோ, ஐ ஆம் ஹங்ரி, ஐ திங்க், ஐ ஹாவ். சித்தி முதலில் 'டு மீ ஹங்ரி' என்றுதான் சொன்னாள், நான்காம் வேற்றுமை கொஞ்சமும் பிசகாமல். திருத்தினேன், ஆனால் மனதுக்குள் கை தட்டினேன். ஏனென்றால் பழைய இங்கிலீஷும் இப்படிப் பேசியதுதான். 'மீதிங்க்ஸ்' என்று ஒரு பழைய சொல் உண்டு. 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே அதன் அர்த்தம், அந்த 'மீ' நம் 'எனக்கு'. சித்தி பிறந்தது தப்பான நூற்றாண்டில்.

கடைசியாக, தமிழ் கைவிடும் இடம். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஆறு உருபுகளை ஒப்பித்தோம். கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்ய இங்கிலீஷில் முப்பது நாற்பது சில்லறைச் சொற்கள். 'கத்தியால்' என்றால் 'வித்', 'அவரால்' என்றால் 'பை'. 'கடைக்கு' என்றால் 'டு', 'எட்டு மணிக்கு' என்றால் 'அட்', 'உனக்கு வாங்கினேன்' என்றால் 'ஃபார்'. 'இல்' இருக்கிறதே, அது பெரிய தலைவலி: ஊரில் 'இன்', சுவரில் 'ஆன்', வீட்டில் 'அட்'. காரில் 'இன்', பஸ்ஸில் 'ஆன்'. ஏன் என்று கேட்டால் பஸ்ஸில் நிற்கலாம், காரில் நிற்க முடியாது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். சித்தி ஒரு பழைய தையல் நோட்டில் அளவுகளுக்கு நடுவே இவற்றை எழுதிவைத்திருக்கிறாள்: சுற்றளவு 36, கை 9, சுவர் ஆன்.

போன ஞாயிறு காலையில் நல்ல மழை. சித்தி மட்டும் குடையோடு வந்தாள். மருந்துக்கடைப் பெண்ணுக்கு அன்றைக்கு டியூட்டி. மதியம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினான்:

"அண்ணே, டுடே ஐ டிட் நாட் கம். துண்டு இஸ் ரெய்னிங்."